இருநூற்று நாற்பதாவது விளக்கு

கோகந்த்
14 அக்டோபர் 2006

சனோபர் அக்காவுக்குத் தம்பி தவ்ரோனின் சலாம்.

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாய் என்று எர்காஷ் அண்ணன் சொன்னார். தாஷ்கண்டிலிருந்து மாஸ்கோ வரை மூன்று நாளும் அவர் வேலை பார்க்கிற ரயில் பெட்டியில்தான் வந்தாயாம், ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லையாம். "உங்க அக்கா என்னப்பா, டீ வேணுமான்னு கேட்டாக்கூடத் தலையத்தான் ஆட்டுறா" என்றார். இந்தக் கடிதத்தையும் அல்வாவையும் அவரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். மாஸ்கோவில் உங்கள் தையல் பட்டறை லாரிக்காரரிடம் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். வழியில் அல்வா கரைந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை, அவர் வாயைப் பார்த்திருப்பாய்.

போன ஞாயிறு நீ போன் செய்தபோது அம்மா பேசிவிட்டு என் கையில் கொடுத்தாள். நான் "அக்கா" என்றேன். உடனே கட்டாகிவிட்டது. லைன் போய்விட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். லைன்தானே போனது?

அம்மா நன்றாக இருக்கிறாள். தினம் காலையில் உன் அறைக் கதவைத் திறந்து பார்க்கிறாள், எதற்குத் திறந்தோம் என்று மறந்துபோனவள் மாதிரி மூடிவிடுகிறாள். என் மேல் கோபமில்லை என்று சொல்கிறாள். ஆனால் ஓஷ் சமைத்தால் சோற்றுக்கு மேலே இருக்கிற நல்ல கறித்துண்டுகள் என் பக்கம் வருமே, இப்போது வருவதில்லை.

கேம் கடை ஓடுகிறது. நான்கு டிவியில் மூன்றில் எந்நேரமும் கால்பந்துதான். மூலை டிவி என்னுடையது, அதில் நம்ம விளக்குக்காரி. "குளிர்ல செருப்பில்லாம அலையறாளே அந்தப் பொண்ணு" என்று நீ கேலி செய்வாயே, அவள்தான். இருட்டுத் தீவுகளில் இருநூற்று நாற்பது விளக்குகள் இருக்கின்றன. இருநூற்று இருபத்தாறு ஏற்றிவிட்டேன். ஆடுகிறவர்கள் எல்லாரும் அவள் தன் அப்பாவைக் கண்டுபிடித்ததும் கேம் முடிந்தது என்று டிஸ்க்கை மாற்றிவிடுகிறார்கள். எனக்கு அப்படி முடியவில்லை. திரை ஓரத்தில் 94 பெர்சென்ட் என்று நின்றுகொண்டிருக்கும்போது எப்படி அதை முடிந்தது என்பது? எல்லாப் பொத்தானையும் போட்டுவிட்டு நடுவில் ஒன்றை விட்ட சட்டையோடு கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு பீப்பாய்க்குப் பின்னாலும் போய்ப் பார்க்கிறேன். ஒன்றும் இருக்காது என்று தெரியும். பார்க்காமல் அடுத்த அறைக்குப் போனால் முதுகு அரிக்கிறது.

நீ கடித்துவிட்டுப் போன ரொட்டி ஆணியில் பத்திரமாகத் தொங்குகிறது. நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

உன் தம்பி,
தவ்ரோன்


இவானோவோ
5 நவம்பர் 2006

தவ்ரோனுக்கு,

லைன் போகவில்லை. நான்தான் வைத்தேன்.

அல்வா வந்தது, ஓரத்தில் எர்காஷ் அண்ணனின் விரல் அடையாளத்தோடு. உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பீப்பாய்க்குப் பின்னால் பார்த்தது வரை எழுதியிருக்கிறாய். நான் கிளம்பிய நாளைப் பற்றி ஒரு வரி கிடையாது. சரி, உனக்கு மறந்திருக்கும். நான் எழுதுகிறேன்.

வாசலில் டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அம்மா அன்று காலை சுட்ட ஆறு ரொட்டியில் ஒன்றை என் வாய்க்கு நேரே நீட்டினாள். "பிஸ்மில்லா சொல்லி ஒரு வாய் கடிம்மா. மிச்சம் ஆணியில தொங்கும். திரும்பி வந்து நீதான் தின்னணும், வேற யாருக்கும் அதுல பங்கு இல்ல" என்றாள். இந்த இருபத்தேழு வயது வரை நீ ஊரை விட்டு எங்கும் போகாததால் அம்மா இதை உனக்குச் செய்ததில்லை. எனக்கும் அன்றுதான் முதல் தடவை. கடித்தேன். "தவ்ரோன், கிளம்புறேன்டா" என்று கூப்பிட்டேன். கடை டிவியை வீட்டுக்குத் தூக்கிவந்து நடு அறையில் வைத்து உட்கார்ந்திருந்தாய். "ரெண்டு நிமிஷம்க்கா, ஒரே ஒரு விளக்கு" என்றாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் நிலைப்படியில் நின்று உன் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிஷம் ஆனது. மூன்றாவதும் ஆனது. போய்விட்டேன்.

அதைக்கூட மன்னித்துவிடலாம். முந்தின நாள் சாப்பாட்டில் என்ன சொன்னாய்? "அதை நிறுத்திட்டு வந்து சாப்பிடு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். "பாதியில எழுந்து வர்றது எனக்குப் பழக்கமில்ல. அது உனக்குத்தான் நல்லா வரும்" என்றாய். அம்மா கையில் கரண்டி அப்படியே நின்றது.

ரிஷ்தானில் என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டை விட்டு நான் வந்ததைச் சொன்னாய். தெருவில் சொன்னார்கள், காதில் வாங்கவில்லை. உறவுக்காரர்கள் சொன்னார்கள், தலையைக் குனிந்துகொண்டேன். நீ சொன்ன பிறகுதான் ருஷ்யாவுக்குப் போகிற பையைக் கட்டினேன் என்று நினைத்துக்கொள்ளாதே, அது முன்னாலேயே கட்டியாகிவிட்டது. ஆனால் அதுவரை திரும்பி வருகிற எண்ணத்தோடு கட்டிய பை அது.

இங்கே தலையணை உறை தைக்கிறேன். ஒரு நாளைக்கு நூற்று இருபது. தையல் கொஞ்சம் கோணினால் பிரித்து மறுபடி தைக்கிறேன். மேற்பார்வைக்கார அம்மாள் லுத்மீலா பெத்ரோவ்னா வந்து தலையில் அடித்துக்கொள்கிறாள். "தலையணைக்குக் கண்ணா இருக்கு? விடும்மா" என்கிறாள். என்னால் விட முடியவில்லை. நம் வீட்டு நோய் போலிருக்கிறது.

அம்மாவுக்கு முழங்கால் தைலம் தீர்ந்திருக்கும். வாங்கிக் கொடு.

சனோபர்


கோகந்த்
3 டிசம்பர் 2006

அக்கா,

தைலம் வாங்கிக் கொடுத்துவிட்டேன். நானே தேய்த்தும் விட்டேன். "கையில அந்தப் பொத்தான் பழக்கம் போகல, கட்டைவிரலால குத்தாதடா" என்று திட்டினாள்.

அன்று சொன்னதற்கு என்ன எழுதுவது என்று ஆறு தாள் கிழித்துவிட்டேன். சொல்லியிருக்கக்கூடாது. அது என் வாயிலிருந்து எப்படி வந்தது என்றே தெரியவில்லை. உன்னைக் குத்த வேண்டும் என்று யோசித்துச் சொல்லவில்லை, ஒரு தாவலைத் தவறவிட்ட கடுப்பில் இருந்தேன், நீ பக்கத்தில் இருந்தாய். இதுதான் மன்னிப்பா என்று நீ கேட்பாய். ஆறு தாளிலும் இதைவிட நன்றாக வரவில்லை.

இங்கே கரண்ட் மோசம். அடுப்புக்குக் காஸும் இல்லை. மாலை மக்ரிப் தொழுகைக்குப் போய் வருவதற்குள் இரண்டு தடவை போய்விடுகிறது. முன்பெல்லாம் கரண்ட் போனால் எனக்கு உயிரே போகும். ஆகஸ்டில் ஒரு நாள் நீ கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது போனதே, நினைவிருக்கிறதா, மெமரி கார்டில் சேமிக்காத மூன்று மணி நேர வேலை காணாமல் போய், நான் தரையில் உட்கார்ந்து அழுத மாதிரி ஆகிவிட்டது. நீ பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டாய். இப்போது ஒவ்வொரு விளக்குக்கும் சேமித்துவிடுகிறேன்.

இருநூற்று முப்பத்தொன்பது ஆகிவிட்டது. ஒன்றே ஒன்று மிச்சம். பத்தொன்பது நாளாக அதைத் தேடுகிறேன். எல்லாத் தீவும் நடந்துவிட்டேன், குகைச் சுவரைக் கை வைத்துத் தடவுகிற மாதிரி ஒவ்வொரு அடியாகப் போயாகிவிட்டது. அம்மாகூடக் கடைக்கு வந்தால் "இன்னிக்குக் கிடைச்சுதா?" என்று கேட்கிறாள். ஒரு நாள் ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏன்டா, அவங்க அப்பன்தான் கிடைச்சுட்டானே. இன்னும் எதுக்கு அந்தப் பொண்ண வீட்டுக்குப் போக விடாம சுத்த வைக்கறே?" என்றாள்.

தாஷ்கண்டில் டிஸ்க் விற்கிறவர் ஒருவர், எல்லா விளக்கும் எங்கெங்கே என்று வரைபடம் போட்ட ருஷ்யப் புத்தகம் ஒன்று இருக்கிறது, மார்ச்சில் தருவித்துத் தருகிறேன் என்கிறார். அதுவரை நானே தேடுகிறேன்.

அம்மா தினமும் ஆணிக்குக் கீழே போய் நின்று அந்த ரொட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

மார்ச்சில் நவ்ரோஸ் பண்டிகைக்கு வந்துவிடுவாய் அல்லவா? அம்மா இப்போதே முளைக்கோதுமைச் சுமலக் கிண்டப் பெரிய கொப்பரைக்குச் சொல்லி வைத்துவிட்டாள். "சனோபர் இல்லாம யார் துடுப்புப் போடுறது?" என்கிறாள்.

தவ்ரோன்


இவானோவோ
14 ஜனவரி 2007

தவ்ரோன்,

உன் ஏழாவது தாள் போதும். அதை வைத்திருக்கிறேன்.

நவ்ரோஸுக்கு வர முடியும் என்று தோன்றவில்லை. அம்மாவிடம் இப்போது சொல்லாதே. பட்டறையில் இரண்டு வருஷ ஒப்பந்தம் தருகிறார்கள். தங்குவதற்கான அனுமதிக் காகிதம், தனி அறை எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இடையில் ஊருக்குப் போக விடுப்பு கிடையாது. மார்ச் பத்தாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். லுத்மீலா பெத்ரோவ்னா தாளை என் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து அதன் மேல் கத்தரிக்கோலையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், பறந்துவிடாமல் இருக்க.

உனக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆணிக்குக் கீழே நிற்கிற அம்மாவிடம் அதைச் சொல்ல முடியாது.

ரிஷ்தானில் அவர் என்னை அடித்ததில்லை, திட்டியதில்லை. பேசினதில்லை, அவ்வளவுதான். ஏழு வருஷப் பேச்சைக் கூட்டினால் ஒரு மாதப் பேச்சு தேறாது. இரண்டாவது வருஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது சரியாகாது என்று. அப்புறம் ஏன் ஐந்து வருஷம் இருந்தேன்? எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லாதவள் நான்தான். இன்னும் ஒரு நோன்புப் பெருநாள் பார்க்கலாம், இன்னும் ஒரு குளிர்காலம் பார்க்கலாம், தோட்டத்தில் அந்தத் திராட்சைப் பந்தல் போட்டு முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று. ஒவ்வொரு பீப்பாய்க்குப் பின்னாலும் போய்ப் பார்க்கிறாயே, நான் அதைத்தான் செய்தேன். ஒன்றும் இருக்காது என்று எனக்கும் தெரியும்.

ஒரு நாள் பந்தல் போட்டு முடிந்தது. ஏணியிலிருந்து இறங்கி, கை கழுவி, நம் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். என் வாழ்க்கையில் நான் பாதியில் விட்டது அது ஒன்றுதான் தவ்ரோன். அதற்கு எனக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று உனக்குத் தெரிந்திருக்கும், உனக்கு மட்டுமாவது தெரிந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். உன்னால்தான் ஒரு கேமையே மூட முடியவில்லையே.

அதனால்தான் அன்று வலித்தது. அந்த வீட்டில் எனக்கு இடம் இருக்கிறதா என்று இப்போதும் தெரியவில்லை. நான் வந்த நாளிலிருந்து என் பை அலமாரிக்கு மேலேதான் இருந்தது, கீழே இறக்கு என்று யாரும் சொல்லவில்லை. அம்மா பாசமாக இருக்கிறாள். ஆனால் பாசம் வேறு, நீ இங்கேதான் இருக்க வேண்டும் என்று ஒருவர் சொல்வது வேறு.

கையெழுத்துப் போட்டால் இங்கே ஓர் அறை என் பெயரில் இருக்கும். ஜன்னலுக்கு வெளியே ஒரு பிர்ச் மரம்கூட இருக்கிறது. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ரொட்டி தொங்கட்டும். அது கெட்டுப்போகாது என்பார்கள்.

சனோபர்


கோகந்த்
11 பிப்ரவரி 2007

அக்கா,

கையெழுத்துப் போட்டுவிடாதே. முதலில் இதைப் படி.

ஆணியில் தொங்குவது உன் ரொட்டி இல்லை.

போனில் சொல்லலாம் என்றால் அம்மா பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஐந்து மாதமாக ஒவ்வொரு கடிதத்திலும் எழுதப் பார்த்துப் பார்த்து, விளக்கைப் பற்றி எழுதிவிட்டேன். இப்போது எழுதுகிறேன். நீ கிளம்பினதும் அம்மா குவளையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, நீ நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும் என்று டாக்ஸிக்குப் பின்னால் ஊற்ற ஓடினாள். உன் ரொட்டியை விரிப்பின் மேல் வைத்துவிட்டுப் போனாள். வாசலில் பக்கத்து வீட்டுக்காரிகள் பிடித்துக்கொண்டார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினேன், ரொட்டி கையில் பட்டது. பிய்த்துப் பிய்த்துத் தின்றேன். அந்த விளக்கு கிடைத்தது. கிடைத்த சந்தோஷத்தில் கீழே பார்த்தேன், கையில் ஓரத்துண்டு ஒன்று மட்டும் இருந்தது. அதையும் வாயில் போட்டுவிட்டேன், அக்கா. என்ன தின்கிறேன் என்று தெரிந்த பிறகும் போட்டேன். ஒரு துண்டை மிச்சம் வைக்கத் தெரியாத பிறவி நான்.

அப்புறம்தான் விரிப்பைப் பார்த்தேன். விரிப்பில் அதே அச்சு குத்திய ஐந்து ரொட்டி இருந்தன. ஒன்றை எடுத்து நானே கடித்து அதே இடத்தில் வைத்தேன். அம்மா வந்தாள், எடுத்தாள், ஒரு நிமிஷம் பார்த்தாள், துணியில் சுற்றி ஆணியில் மாட்டினாள். ஐந்து மாதமாக அவள் கண்ணில் ஒற்றிக்கொள்வது என் எச்சில்.

உன் பங்கை நான் தின்றுவிட்டேன். நீ வர மாட்டேன் என்று எழுதியதும் எனக்கு வேறு காரணமே தோன்றவில்லை. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று நீ சொல்வாய். பகலில் நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு மூலை டிவியை அணைத்தேன். 239-இல் நிற்கிறது. இதுவரை போடவில்லை. கை துடிக்கிறது, பொய் சொல்லவில்லை. கனவில்கூட பீப்பாய் வருகிறது. ஆனால் உன் கடிதத்தில் பந்தல் முடித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கினேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகு அந்தத் திரையைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் ஒரு பொம்மைப் பெண்ணுக்கு இருநூற்று முப்பத்தொன்பது விளக்கு ஏற்றினேன். என் அக்கா பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள், அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அலமாரிக்கு மேலே இருந்த உன் பழைய பையை இறக்கிவிட்டேன். உள்ளே இருந்த உடுப்புகளை எல்லாம் அலமாரித் தட்டில் அடுக்கினேன். அம்மா நாப்தலீன் உருண்டை கொண்டுவந்து கொடுத்தாள். நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ இங்கேதான் இருக்க வேண்டும். வேலை முடிந்தோ முடியாமலோ, காகிதத்தோடோ இல்லாமலோ. என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. வந்து நேரில் திட்டு.

அம்மாவிடம் ரொட்டி விஷயத்தைச் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. சொல்லிவிடுவேன்.

தவ்ரோன்


இவானோவோ
4 மார்ச் 2007

என் கண்ணே தவ்ரோன்,

எழுதிவிட்டாயா. அப்பாடா.

எனக்குத் தெரியும்டா. அம்மா போன செப்டம்பர் கடைசியிலேயே போனில் சொல்லிவிட்டாள், நீ கடைக்குப் போயிருந்த நேரம். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உன் தம்பி உன் ரொட்டியத் தின்னுட்டான். வேற ஒண்ணக் கடிச்சு வெச்சு என்னையே ஏமாத்தறான். நடுவுல மேடு நிக்குது பாரு, அவன் முன்பல்லு ஆப்ரிகாட் கொட்டையில உடைஞ்சது எனக்குத் தெரியாதா? நான் ஒண்ணும் கேக்கல. அதையே மாட்டிட்டேன். அவனும் எங்கயோ போயிட்டவன்தானே. வீட்டுக்குள்ளயே உக்காந்துட்டு ஊரை விட்டுப் போயிருக்கான். அவனும் திரும்பி வரட்டும்."

நான் சிரித்தேன். போனை வைத்துவிட்டு அந்த போன் கடையிலேயே அழுதேன். அடுத்த ஞாயிறு நீ "அக்கா" என்றதும் வைத்தேனே, கோபம் ரொட்டிக்காக இல்லை. அதை நீ என்னிடம் சொல்லவில்லையே என்று. ஒவ்வொரு கடிதத்தையும் பிரிக்கும்போது இதிலாவது சொல்லியிருப்பான் என்று நினைப்பேன். விளக்குக் கணக்குதான் இருக்கும். ரொட்டி பத்திரமாக இருக்கிறது என்று வேறு எழுதுவாய், திருட்டுப் பயலே.

நானும் ஒன்றை மறைத்திருக்கிறேன். ஆகஸ்டில் உன் கடையில் கரண்ட் போகவில்லை.

நீ ப்யூஸ் வாங்கப் பஜாருக்குப் போயிருந்தாய். நான் சாப்பாட்டை வைத்துவிட்டு ஆளில்லாத கடையில் காத்திருந்தேன். அந்தப் பெண் திரையில் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினேன், நடந்தாள். எப்படித் திருப்புவது என்று தெரியாமல் பின்பக்கமாகவே நடத்திக்கொண்டு போனேன். எங்கேயோ முட்டினாள், எங்கேயோ விழுந்தாள். விழுந்த இடத்தில் ஒரு விளக்கு இருந்தது. ஏற்றாத விளக்கு. அதை ஏற்ற எந்தப் பொத்தான் என்று எனக்குத் தெரியவில்லை. அப்போது உன் செருப்புச் சத்தம் கேட்டது. அவ்வளவு நாள் கேலி செய்துவிட்டு நானே ஆடுகிறேன் என்று தெரிந்தால் மானம் போகுமே. நான்கு டிவிக்கும் சேர்த்துப் போகிற பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கரண்ட் போச்சு என்றேன். உன் மூன்று மணி நேரத்தை அழித்தது நான்தான். பாத்திரத்தோடு ஓடினது அதனால்தான்.

நேராகப் பார்த்து நடக்கிற யாருக்கும் அது கண்ணில் படாது என்று நினைக்கிறேன். நீ டிசம்பரில் ஒன்றே ஒன்று மிச்சம் என்று எழுதியபோதே எனக்குப் புரிந்துவிட்டது எது என்று. எழுதியிருக்கலாம். கோபத்தில் எழுதவில்லை. அலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது கோபம் இல்லை. இருந்தாலும் எழுத மாட்டேன். என் ரொட்டியைத்தான் தின்றுவிட்டாயே, ஊரில் எனக்கென்று மிச்சம் ஏதாவது வேண்டாமா? அந்த விளக்கு இருக்கட்டும். வந்து நானே காட்டுகிறேன். பொத்தானை நீ சொல்லிக் கொடு.

லுத்மீலா பெத்ரோவ்னாவிடம் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "இவ்வளவு தூரம் வந்துட்டு பாதியில போறியே" என்றாள். "எனக்கு அது நல்லா வரும்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. மெஷினில் ஒரு தலையணை உறை பாதி தைத்தபடி இருந்தது. அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். கதவு வரை போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் திரும்பிப் போகவில்லை.

பதினாறாம் தேதி எர்காஷ் அண்ணன் பெட்டியில் ஏறுகிறேன். நவ்ரோஸுக்கு முந்தின நாள் வீட்டில் இருப்பேன். அதற்கப்புறம் என்ன என்று தெரியாது. வந்து யோசிக்கலாம்.

அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. அவளுக்குத் தெரியும் என்று தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே.

உன் அக்கா,
சனோபர்


கோகந்த்
11 மார்ச் 2007

அக்கா,

இதை எர்காஷ் அண்ணன் மாஸ்கோவில் உன் கையிலேயே கொடுப்பார். நீ அவர் பெட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு படி. இந்த முறை அல்வா இல்லை, அவருக்காக வேண்டுமானால் வாங்கிக் கொடுக்கிறேன்.

பிளக்கைப் பிடுங்கினாயா நீ. மூன்று மணி நேரம். பேசிக்கொள்ளலாம், நீ முதலில் வா.

தாஷ்கண்ட்காரர் சொன்ன புத்தகம் உன் கடிதம் வந்ததற்கு மறுநாள் வந்து சேர்ந்தது. இருநூற்று நாற்பது விளக்குக்கும் வரைபடம். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புதுப் புத்தகம். கடையில் மேஜை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அட்டையில் விளக்குக்காரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே பக்கம். ஒரே ஒரு பக்கத்தைப் புரட்டினால் போதும். விரல் உறையின் ஓரத்தைத் தானாகச் சுரண்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது, வாடிக்கையாளர் ஒருவர் வந்து "அண்ணே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து அதை அம்மா கையில் கொடுத்தேன். "இதை எங்கயாவது வைம்மா. என் கண்ணுல படாம வை. அக்கா வந்து காட்டுறேன்னு சொல்லியிருக்கா" என்றேன். அப்படியே ரொட்டி விஷயத்தையும் சொல்லிவிட்டேன். நின்றபடியே சொன்னேன். அழுதேன் என்று நினைக்கிறேன்.

அம்மா புத்தகத்தை மாவுப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். சமோவாரை வைத்தாள். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். முழங்கால் வலிக்குமே, நான் எடுக்கிறேன் என்றால் கேட்கவில்லை. ஆணியிலிருந்து துணியை எடுத்துப் பிரித்து அந்த ரொட்டியை என் முன்னால் வைத்தாள். என் பல் மேடு அப்படியே இருந்தது.

"நீ வந்துட்டேல்ல" என்றாள். "மிச்சத்தத் தின்னு."

கல்லாக இருந்தது, அக்கா. உடைத்து, கிண்ணத்துத் தேநீரில் நனைத்து நனைத்துக் கொடுத்தாள். நான் தின்று முடிக்கிற வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். கடைசித் துண்டு வரை தின்றேன்.

ஆணி இப்போது காலியாக இருக்கிறது. உனக்காக ரொட்டி எதுவும் தொங்கவில்லை. உன் விளக்கு மட்டும்தான் இருக்கிறது, அதை நான் தொடவில்லை. டாக்ஸி வந்து நிற்கும்போது நான் வாசலில் இருப்பேன்.

தவ்ரோன்